நாவக்குடி ஊருணியும் சோணைமுத்துவின் கல்யாணமும்

நாவக்குடிக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீர்கள். அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். உலையைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். அது பொங்கி, அடுப்பை அணைத்து, வாசல்வரைக்கும் வழிந்து ஓடினாலும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இப்படி ஒரு பணிவு வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

அந்த ஊரில் சோணைமுத்து என்று ஒருத்தன். நல்ல மனுசன். ஆடு இருந்தது, காடு இருந்தது, தாத்தா கட்டிய நீளமான ஓட்டு வீடு இருந்தது. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், "மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்பார்கள். ஊர்ப் பேரைச் சொன்னதும் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

கடைசியில் கீழப்பூங்குளத்தில் பஞ்சவர்ணத்தைப் பார்க்கப் போனான். அவள் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்து, "குடிங்க" என்றாள். கொதிக்கக் கொதிக்க இருந்த காப்பியை அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டான். கண்ணில் நீர் முட்டி, காது சிவந்து, வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் பஞ்சவர்ணம் கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன்னைப் பார்த்து ஒரு பெண் இவ்வளவு சந்தோசப்பட்டதை சோணைமுத்து அதற்கு முன்னால் கண்டதில்லை. கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டான்.

ஆனால் பஞ்சவர்ணத்தின் ஆத்தா சிட்டம்மா லேசுப்பட்டவள் இல்லை.

"எம்மூத்தவளைக் கட்டிக்கொடுத்த ஊர்ல தண்ணி சரியில்ல தம்பி. காலையில பருப்பை அடுப்புல வச்சா, வெளக்கு வைக்கிற வரைக்கும் வேகாது. தண்ணி சுமந்தும் வெறகு ஒடிச்சும் எம்புள்ள கை காச்சுப் போச்சு. இன்னொரு புள்ளையையும் அப்படி ஒரு ஊருல தள்ள மாட்டேன். தை பொறந்ததும் உங்க ஊருக்கு வருவேன். உங்க ஊருணித் தண்ணியில பருப்பு போட்டுப் பாப்பேன். வெந்துச்சுன்னா எம்பொண்ணு உங்க வீட்டுக்கு. வேகலைன்னா நீங்க யாரோ, நாங்க யாரோ."

நாவக்குடி ஊருணித் தண்ணீரில் பருப்பு வேகிறது இருக்கட்டும், பக்கத்தில் போய் நின்றாலே மூக்கைப் பொத்த வேண்டும்.

இத்தனைக்கும் அது வறண்ட ஊருணி இல்லை. மேலக் கரையில் வாய்க்கால் வந்து விழும் வாய் ஒன்று. கீழக் கரையில் தண்ணீர் வெளியே போகும் வாய் ஒன்று. மழைக்காலம் பூராவும் இந்த வாயில் வந்து அந்த வாயில் போய்க்கொண்டுதான் இருக்கும். அப்படியும் ஏன் நாறுகிறது என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத விசயங்களை விசாரிக்க ஊரில் ஒரு கமிட்டி இருந்தது. ஊர்ப் பெரியவர் அம்பலம் வீரணன் அதற்குத் தலைவர். ஆழமாக யோசிக்கிறதற்குப் பொன்னழகு. யோசித்ததைச் செய்கிறதற்குக் காத்தமுத்து.

அந்தச் சமயம் பார்த்து, ரோடு அளக்க ஒரு ஓவர்சியர் வந்தார். சோணைமுத்து ஓடிப்போய் அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் விழாத குறையாக நின்றான். ஓவர்சியர் வண்டியை விட்டு இறங்காமலேயே ஊருணியைப் பார்த்தார்.

"வர்ற வாயையும் போற வாயையும் நேருக்கு நேரா வச்சிருக்கீங்களேய்யா. புதுத்தண்ணி இப்படி வந்து அப்படிப் போயிருது. மூலையில கெடக்குற பழைய தண்ணி அசையாம நாறுது. புதுத்தண்ணியை நேராப் போக விடாதீங்க, சுத்திப் போகட்டும். கொஞ்சம் தங்கட்டும். பழசு மொதல்ல வெளியேறணும். நடுவுல ஒரு தடுப்பைப் போடுங்க, எல்லாம் சரியாயிரும்."

சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார். அவர் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல், சொன்ன வரிசை மாறாமல் செய்வது என்று கமிட்டி முடிவெடுத்தது. கடைசியாகச் சொன்னதை முதலில் செய்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். நல்லவேளை, நாவக்குடியில் அப்படியெல்லாம் வரிசையை மீற மாட்டார்கள்.

முதல் உத்தரவு, புதுத்தண்ணியை நேராகப் போக விடக்கூடாது.

காத்தமுத்துவைக் கையில் கம்போடு மேலக் கரை வாயில் இறக்கி நிறுத்தினார்கள். தண்ணீர் வந்தது.

"நேராப் போகாதே" என்றான் காத்தமுத்து.

தண்ணீர் அவன் முழங்காலை இடித்து, இரண்டு பக்கமும் வளைந்து, அப்புறம் தன் பாட்டுக்கு நேராகப் போனது.

"கேட்டுச்சா?" என்றார் கரையில் இருந்த அம்பலம்.

"என்கிட்ட வர்றப்ப வளையுது அம்பலம். என்னைத் தாண்டினதும் புத்தியைக் காட்டிருது."

"மரியாதையா சொன்னியா?"

"இல்லையே."

"அதான். வெளியூர்த் தண்ணி. வாங்க போங்கன்னு சொல்லணும்."

காத்தமுத்து பகல் பூராவும் தண்ணீரை வாங்க போங்க என்று சொல்லிக்கொண்டே நின்றான். சாயங்காலம் குளிரில் பல் தந்தியடித்தது. அவனைத் தூக்கிக் கரையேற்றி, சுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்துப் படுக்கப் போட்டார்கள். சோணைமுத்து ஆசையோடு ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தான். பழைய நாற்றம் அப்படியே இருந்தது. கூடுதலாகக் காத்தமுத்துவின் வாடையும் சேர்ந்திருந்தது.

"சரி விடு மாப்ளே" என்றார் அம்பலம். "அடுத்தது என்ன? தங்கட்டும்னாரு."

தங்க வைப்பது எப்படி என்பதில் நாவக்குடிக்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. வந்த விருந்தாளி கிளம்புகிறேன் என்று எழுந்தால் செருப்பை எடுத்து ஒளித்து வைப்பது அந்த ஊர் வழக்கம். தண்ணீருக்குச் செருப்பு இல்லாததால் கீழக் கரை வாயை அடைத்தார்கள். கல் போட்டு, களிமண் அப்பி, மேலே ஒரு பழைய ஆட்டுக்கல்லையும் உருட்டி வைத்தார்கள்.

தண்ணீர் தங்கியது. நன்றாகவே தங்கியது. மறுநாள் விடிந்தபோது ஊருணி நிறைந்து, கரையைத் தாண்டி, கீழத் தெருவுக்குள் இறங்கி, பொன்னழகு வீட்டு அடுப்படியில் தங்கியிருந்தது. பொன்னழகின் பெண்சாதி கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கோழிகள் கூரைமேல் நின்றன.

"ஊருணியில தங்கச் சொன்னா என் வீட்டுல தங்குது அம்பலம்!" என்று பொன்னழகு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சோறு போட்டியா?"

"எனக்கே சோறு இல்ல. அடுப்பே அதுக்குள்ளதான் கெடக்கு."

ஆட்டுக்கல்லை அவசர அவசரமாக நகர்த்தித் தண்ணீரை வழியனுப்பி வைத்தார்கள். போகிறபோது அது பொன்னழகின் இரண்டு தலையணையையும் ஒரு முறத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூலையில் கிடந்த பழைய தண்ணீர் மட்டும் இந்தக் கலவரத்தில் கலந்துகொள்ளாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

சோணைமுத்துவுக்கு ராத்திரியில் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் வேகாத பருப்பும், வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற சிட்டம்மாவும்தான் தெரிந்தார்கள். அந்தச் சிரிப்பை இனிமேல் கேட்கவே முடியாதோ என்று பாயில் புரண்டு புரண்டு படுத்தான். காலையில் எழுந்து நேராக அம்பலத்தின் வீட்டுக்குப் போய் நின்றான்.

"மாமா, தை நெருங்குது."

"நெருங்கட்டும்டா. நாமளும் நெருங்கிட்டோம். பழசு மொதல்ல வெளியேறணும்னாரு. அதுல என்ன கஷ்டம்?"

கஷ்டம் இருந்தது. எது பழைய தண்ணீர், எது புதுத்தண்ணீர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொன்னழகு வேப்பமரத்தடியில் குந்தி ரொம்ப நேரம் யோசித்தான்.

"புதுப்பொண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? மொகத்துல மஞ்சப் பூசியிருக்கும். புதுத்தண்ணிக்கும் மஞ்சப் பூசிட்டா?"

எல்லாரும் அசந்துபோனார்கள். வீடு வீடாகப் போய் மஞ்சள்தூளை வாரி வந்தார்கள். மேலக் கரை வாயில் கொட்டினார்கள். அடடா, அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்! மஞ்சளாக ஒரு பட்டை ஊருணிக்குள் இறங்கியது. இடது பக்கம் திரும்பவில்லை, வலது பக்கம் திரும்பவில்லை. வகிடு எடுத்தாற்போல நேராக நடுவில் போய், அம்பலம் ஒரு வெற்றிலை மென்று துப்புவதற்குள் கீழக் கரை வாய் வழியாக வெளியேறிவிட்டது. இரண்டு பக்க மூலைகளிலும் பழைய தண்ணீர் கறுப்பாக, பச்சையாக, அலுங்காமல் கிடந்தது.

"அநியாயம்!" என்றான் காத்தமுத்து. அவனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. "இப்ப வந்தவன் முந்திக்கிட்டுப் போறான். வருசக் கணக்காக் காத்துக் கெடக்குறவன் காத்தே கெடக்குறான்."

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றான் பொன்னழகு. "மஞ்சப் பூசின தண்ணி ஒடனே வெளியேறிருச்சு. பூசாதது அப்படியே கெடக்கு. அப்ப எதனால போகுது?"

"மஞ்சளால!" என்று சோணைமுத்து முந்திக்கொண்டு கத்தினான். பாவம், அவனும் அந்த ஊர்க்காரன்தானே.

மிச்சமிருந்த மஞ்சளையெல்லாம் மூலைத் தண்ணீரில் கொட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். பழைய தண்ணீர் மஞ்சளாகிப் பழையபடி நாறிக்கொண்டு அங்கேயே கிடந்தது. அன்றைக்கு ஊர் பூராவும் மஞ்சளில்லாத வெள்ளைக் குழம்பு. பெண்கள் யாரும் புருசன்மாரோடு பேசவில்லை.

மிஞ்சியது ஒரே ஒரு உத்தரவு. நடுவில் தடுப்பு.

பனங்கட்டைகளை ஊன்றினார்கள். இடையில் கல்லை அடுக்கிக் களிமண் பூசினார்கள். வடகரையில் தொடங்கிய தடுப்பு ஆளுயரத்துக்கு ஊருணியின் குறுக்கே நீண்டு தென்கரையை நெருங்கியபோது, சோணைமுத்துவுக்குள் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது.

"மாமா, கடைசியில ஒரு சந்து விடணுமோ?"

அம்பலம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தடுப்புன்னா என்னடா?"

"தடுக்கிறது."

"சந்து விட்டா தடுக்குமா?"

"தடுக்காது."

"தடுக்காதது தடுப்பா?"

"இல்ல மாமா."

"பெறகு என்ன கேள்வி? மண்ணைத் தூக்கு."

கரையிலிருந்து கரைவரைக்கும் தடுப்பு ஏறியது. நாவக்குடிக்காரர்கள் கட்டினால் ஒரு சொட்டுக் கசியாது. மேல்பாதியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. கீழ்பாதியில் இருந்ததெல்லாம் வாய் வழியாக வடிந்து, தரை தெரிந்தது. கமிட்டி தடுப்பின்மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது.

"இதுக்கு வர்ற வழி இருக்கு, போற வழி இல்ல" என்றான் பொன்னழகு.

"அதுக்குப் போற வழி இருக்கு, வர்ற வழி இல்ல" என்றான் காத்தமுத்து.

"தடுப்பை ஒடச்சிரலாமா?" என்று கேட்டான் சோணைமுத்து. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு.

"போடச் சொன்னாருடா. எடுக்கச் சொல்லலையே. சொல்லாததைச் செஞ்சா அதுக்குப் பேரு என்ன?"

மேல்பாதித் தண்ணீர் தடுப்பின் உச்சிக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. அப்போது காத்தமுத்துதான், யோசிக்கிற வேலை தன்னுடையது இல்லை என்கிற கூச்சத்தோடு, மெல்லச் சொன்னான்.

"இங்க இருக்கிறதை அங்க கொண்டுபோகணும். அவ்வளவுதானே? குடம் எதுக்கு இருக்கு?"

அன்றைக்குத் தொடங்கியது அந்த வேலை. நாவக்குடி ஆண்கள் அத்தனை பேரும் குடமும் தோண்டியுமாகத் தடுப்பின்மேல் வரிசையாக நின்று, மேல்பாதியில் மொண்டு கீழ்பாதியில் ஊற்றினார்கள். பழசு முதலில் என்பது உத்தரவாயிற்றே, அதனால் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மூலைத் தண்ணீரையெல்லாம் முதலில் அள்ளினார்கள். கறுப்பு, பச்சை, மஞ்சள் என்று அது கீழ்பாதி வழியாக ஓடி, ஊரை விட்டே போனது. அதற்குப் பிறகு வந்தது புதுத்தண்ணீர். வாய்க்கால் வந்துகொண்டே இருந்ததால் மொள்ளுவதை நிறுத்த முடியவில்லை. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று முறை வைத்துக்கொண்டு மொண்டார்கள். சோணைமுத்து மட்டும் இரண்டு முறையிலும் நின்றான். தோள் இற்றுப் போயிற்று. பஞ்சவர்ணத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து மொண்டான்.

ஊர்ப் பெண்கள் கரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். வீட்டுக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்றால், போகிற குடத்தில் ஒன்றைக் கைகாட்டி வாசலில் இறக்கச் சொன்னால் போதும். மஞ்சள் போனதைக்கூட மன்னித்துவிட்டார்கள்.

தை பிறந்தது. சிட்டம்மா பருப்பு மூட்டையும் மண்சட்டியுமாக வண்டியில் வந்து இறங்கினாள். தடுப்பின்மேல் நின்ற வரிசையைப் பார்த்தாள். கீழே இறங்கி வந்து, ஒரு குடத்துத் தண்ணீரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பளிங்கு மாதிரி இருந்தது. சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். சோணைமுத்து குடத்தோடு நின்ற இடத்திலேயே சட்டியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி சட்டியைப் பார்த்தான்.

"ஏ ஆத்தா" என்று பக்கத்தில் இருந்த பொன்னழகின் பெண்சாதியைக் கேட்டாள் சிட்டம்மா. "இந்த ஊர்ல தண்ணி சுமக்கிறது ஆம்பளைகளா?"

"ஆமா."

"எப்பவுமா?"

"காலையில ஒரு முறை. மத்தியானம் ஒரு முறை."

"பொம்பளைக?"

"நாங்க பாத்துக்கிறோம்" என்றாள் அவள், காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு.

சிட்டம்மாவின் கண் கலங்கிவிட்டது. மூத்தவளை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. சட்டியின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து போய் சோணைமுத்துவின் தோளைத் தொட்டு, "மாப்பிள்ளே, முகூர்த்தம் பாருங்க" என்றாள். அவன் கையிலிருந்த குடம் நழுவி அம்பலத்தின் காலில் விழுந்தது. அம்பலம் வலியில் கத்தியதை எல்லாரும் குலவை என்று நினைத்துக் கூடவே சேர்ந்து கத்தினார்கள்.

கல்யாணம் கீழப்பூங்குளத்தில். ஊரே கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது, பொன்னழகு சோணைமுத்துவின் வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தான். பார்த்தவன் முகம் செத்துப்போயிற்று.

"மாப்ளே, உன் வீட்டு முன்வாசலும் கொல்லைவாசலும் நேருக்கு நேரா இருக்குடா."

"தாத்தா கட்டினது. அதுக்கென்ன?"

"என்னவா? புதுப்பொண்ணு இப்படி வந்து அப்படிப் போயிருவாளேடா!"

சோணைமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தவள்! மஞ்சள் பூசிக்கொண்டு வேறு வருவாள். மஞ்சள் பூசியது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

"பயப்படாதே" என்றார் அம்பலம், கால்கட்டோடு. "நீ தாலி கட்டப் போ. நானும் காத்தமுத்துவும் இருந்து செஞ்சு முடிச்சிர்றோம்."

தாலி கட்டி, சாப்பிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஆரத்தி எடுத்தார்கள். பஞ்சவர்ணம் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். எதிரே ஒரு சுவர். இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர்வரைக்கும், ஒரு சந்து விடாமல், தலைக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு, ஈரம் காயாத மண்சுவர். அடுப்படியும் கொல்லைவாசலும் அதற்கு அந்தப் பக்கம்.

"பால் பழம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"அடுப்படியில. இரு, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று சோணைமுத்து முன்வாசல் வழியாக இறங்கி, வடக்குப் பக்கமாக வீட்டைச் சுற்றிக் கொல்லைவாசலுக்கு ஓடினான். பால் தம்ளரைக் கையில் எடுத்தான்.

சுவருக்கு மேலே பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது. "ஏங்க, நீங்க அங்கேயே இருங்க. நான் வர்றேன்."

"வேணாம், வேணாம். நீ உக்காரு. நான்தான் வர்றேன்."

அவன் தம்ளரோடு வடக்குப் பக்கமாக முன்வாசலுக்கு வந்தான். அதற்குள் அவள் தெற்குப் பக்கமாகக் கொல்லைவாசலுக்குப் போய்விட்டாள். அவன் மறுபடி வடக்கால் போனான். அவள் மறுபடி தெற்கால் வந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த கமிட்டி தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்து ரசித்தது.

"பாருங்கடா, நேராப் போகலை. எவ்வளவு அழகா சுத்திப் போகுதுக!" என்றார் அம்பலம்.

கடைசியில் பஞ்சவர்ணம் கால் வலித்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. முன்பக்கத்தில் நின்ற சோணைமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கிறுக்குப் பிடித்தவன் மாதிரி ஈரச்சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மாமா, நான் அந்தப் பக்கம் போகணும்! இப்பவே போகணும்!"

கமிட்டி கூடிப் பேசியது. தடுப்பைத் தாண்டி ஒன்றைக் கொண்டுபோவது எப்படி என்பது இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் நாவக்குடிக்காரர்களுக்குத் தெரியும். அளவுதான் கொஞ்சம் பெரிசு. காத்தமுத்து ஓடிப்போய், விசேசத்துக்குச் சோறு வடிக்கிற ஊர் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தான். சோணைமுத்து பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பால் தம்ளரோடு அதற்குள் ஏறிக் குந்தினான். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தம் கட்டித் தூக்கி, சுவரின் உச்சியில் வைத்தார்கள்.

"ம், சாய்ங்க!" என்றார் அம்பலம்.

"டேய், மெதுவா ஊத்துங்கடா" என்று அண்டாவுக்குள்ளிருந்து கத்தினான் சோணைமுத்து. "பால் சிந்திரப் போகுது!"